தேர்தல் காலத்து வாட்ஸ்அப் வதந்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வாக்காளர்கள், குடும்பக் குரூப் அட்மின்கள், பூத் ஏஜென்ட்டுகள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பது உங்கள் பாடு. ஓட்டுப் போடுவதைப் பற்றி வரும் பொய்யை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

தேர்தல் நேரத்தில் எந்த மாதிரிப் பொய் அதிகம் வருகிறது?

ஏஐ வீடியோதான் என்று பலரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலானவை பழைய சரக்கு: எங்கோ எப்போதோ எடுத்த வீடியோவுக்குப் புதுத் தலைப்பு, முன்னும் பின்னும் வெட்டிய பேச்சு, டிவி சேனல் பெயரில் போலி நியூஸ் கார்டு. 2017 நவம்பரில் குஜராத்தின் பாட்டன் நகரில் ராகுல் காந்தி பேசியபோது, உருளைக்கிழங்கைப் போட்டால் தங்கம் வரும் இயந்திரம் வைப்பதாக மோடி சொன்னார் என்று குறிப்பிட்டார். ‘இது மோடியின் வார்த்தை’ என்ற பகுதியை வெட்டிவிட்டு, ராகுலே அப்படிச் சொன்னதாகப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். 2024 ஏப்ரலில் அமித் ஷாவுக்கும் இதேதான் நடந்தது. தெலங்கானாவில் முஸ்லிம் இடஒதுக்கீடு பற்றி அவர் பேசியதை வெட்டி ஒட்டி, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடஒதுக்கீட்டையே எடுத்துவிடுவோம் என்று சொன்னதாகப் பரப்பினார்கள். டெல்லி போலீஸ் வழக்குப் போட்டது. இரண்டுக்கும் ஏஐ தேவைப்படவில்லை. வீடியோ வெட்டும் ஒரு ஆப் போதும்.

தலைவர்களைப் பற்றிய பொய்யைவிட, வாக்களிக்கும் முறையைப் பற்றிய பொய்தான் அதிகக் கெடுதல் என்பது எங்கள் கருத்து. முதல் வகை, ஏற்கெனவே முடிவெடுத்தவரைத்தான் பெரும்பாலும் உசுப்பும். இரண்டாவது வகை ஒருவரை பூத்துக்கே போகவிடாமல் செய்யும், அல்லது பூத்தில் சண்டைக்கு நிற்கவைக்கும். அதனால் செயலிகளுக்கு முன்னால் நடைமுறையிலிருந்து தொடங்குகிறோம்.

‘பட்டியலில் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம்’ என்று வருகிறதே, உண்மையா?

பொய். 2019 மக்களவைத் தேர்தலிலும் 2024இலும் சுற்றிய செய்தி இது. அதில் மூன்று வாக்கியங்கள் இருக்கும். பெயர் இல்லாவிட்டால் ‘49ஏ பிரிவின்படி’ சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் டெண்டர் ஓட்டு கேளுங்கள். ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு பதிவானால் மறுவாக்குப்பதிவு நடக்கும். நடுவில் இருப்பது மட்டும் உண்மை. உண்மையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பொய்யை அடுக்குவதால்தான் படித்தவர்களும் நம்பி அனுப்புகிறார்கள்.

1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளை எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவு. விதி 49ஏ, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது; பெயர் விடுபட்டவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சேலஞ்ச் என்பது விதி 49ஜே. அதைச் செய்பவர் வாக்காளர் அல்ல, பூத் ஏஜென்ட். ‘இவர் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லை’ என்று ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பார். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இதில் வழி எதுவும் கிடையாது.

டெண்டர் ஓட்டு, அதாவது ஆய்வுக்குரிய வாக்கு, விதி 49பி (ஆங்கிலத்தில் 49P). பட்டியலில் உங்கள் பெயர் இருந்து, நீங்கள் போவதற்குள் யாரோ போட்டுவிட்டால் இதைக் கேட்கலாம். நீங்கள் யார் என்ற கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால் படிவம் 17பி பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாக்குச்சீட்டு தருவார்கள். இயந்திரத்தில் அமுக்க விட மாட்டார்கள். சீட்டில் முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தால் தனி உறையில் போகும். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரித்து எண்ணுவதில்லை. தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு வேலை. 14 சதவீதம் என்று எந்த விதியும் இல்லை.

பெயர் இருக்கிறதா என்று வாக்குப்பதிவு நாளில் பார்ப்பதால்தான் இந்த வதந்திக்கு உயிர் கிடைக்கிறது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தளத்திலோ செயலியிலோ முன்கூட்டியே பாருங்கள். போன் என்றால் 1950. பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்த படிவம் 8. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய எஸ்.ஐ.ஆர். எனும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் லட்சக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன. ‘போன தடவை போட்டேனே’ என்ற தைரியம் இனி போதாது.

நோட்டா அதிக ஓட்டு வாங்கினால் மறுதேர்தலா?

சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் இல்லை. நோட்டாவுக்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் ஜெயித்ததாகவே அறிவிக்கப்படுவார்.

இயந்திரத்தை லாரியில் கடத்துவதாக வீடியோ வருகிறது. எப்படிச் சரிபார்ப்பது?

எல்லா இயந்திரமும் ஓட்டு விழுந்த இயந்திரம் இல்லை. பழுதானால் மாற்ற ரிசர்வ் இயந்திரங்கள் உண்டு. அலுவலர் பயிற்சிக்கும் மக்களுக்கு விளக்கிக் காட்டுவதற்கும் தனியாக இருக்கும். வாக்குப்பதிவு முடிந்தபின் இவை வேறு கிடங்குக்குப் போகும். அந்தப் பயணத்தைப் படம்பிடித்துத்தான் பெரும்பாலும் ‘கடத்தல்’ என்று போடுகிறார்கள்.

சோதிக்க ஒரு நேரான வழி, இயந்திரத்தின் எண். உங்கள் பூத்தில் எந்த எண்ணுள்ள இயந்திரம் இருந்தது என்பதும் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்பதும் படிவம் 17சியில் எழுதப்பட்டு, வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கிருக்கும் ஏஜென்ட்டுகளுக்கு நகல் தரப்படும். வீடியோவில் உள்ள எண் எந்தக் கட்சி ஏஜென்ட்டின் 17சியிலாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது தீவிரமான புகார், உடனே எழுத்தில் கொடுக்க வேண்டும். எண்ணே தெரியாத வீடியோவை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. அதைப் பரப்புவதில் அர்த்தமில்லை. ஏஜென்ட்டுகளுக்கு ஒரு வார்த்தை: 17சி நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். பல பூத்துகளில் ஏஜென்ட் சாயங்காலமே கிளம்பிவிடுகிறார், பிறகு கட்சிக்காரர்கள் எண் தேடி அலைகிறார்கள்.

‘எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரே சின்னம்’ என்பதற்கும் நடைமுறை இருக்கிறது. வாக்குப்பதிவு தொடங்க 90 நிமிடம் முன்பு ஏஜென்ட்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு மாதிரியாகப் போட்டுப் பார்த்து, அழித்து, சீல் வைப்பார்கள். நீங்கள் ஓட்டுப் போட்டதும், எந்தச் சின்னத்துக்கு விழுந்தது என்று காட்டும் விவிபாட் சீட்டு 7 விநாடி கண்ணாடி வழியே தெரியும். சின்னம் மாறித் தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள். விதி 49எம்ஏ-படி எழுத்தில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒரு சோதனை ஓட்டுப் போடவைப்பார்கள். புகார் பொய்யென்றால் தண்டனை உண்டு.

ராத்திரிக்குள் வாக்குப்பதிவு சதவீதம் மாறிவிட்டதே, இது மோசடி இல்லையா?

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் இதுதான் பேச்சாக இருந்தது. மாலையில் 72.09 சதவீதம் என்றார்கள், நள்ளிரவுக்கு மேல் 69.46 ஆனது, கடைசியில் 69.72 என்று நின்றது. மாலையில் சொல்வது களத்தில் இருந்து செயலி வழியாகவும் போனிலும் வரும் தோராயக் கணக்கு. எல்லா பூத்தின் 17சியும் வந்து சேர்ந்த பின்னால்தான் சரியான எண் தெரியும். தோராயத்தைத் தசமப் புள்ளி இரண்டு இலக்கம் வரை சொல்வதுதான் சிக்கலே. அவ்வளவு துல்லியமாகச் சொன்ன எண் மாறும்போது ஜனங்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதில் ஆணையத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மோசடி என்று சொல்ல சதவீத மாற்றம் ஆதாரமாகாது. ஒரு பூத்தின் 17சி எண்ணும், எண்ணும் நாளில் அதே பூத்துக்கு அறிவித்த எண்ணும் வேறுபட்டால், அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு படத்தைப் போனிலேயே சோதிப்பது எப்படி?

படத்தை கேலரியில் சேமித்து, கூகுள் லென்ஸில் திறங்கள். படத்தின் மேல் எழுதியிருக்கும் தலைப்பு, சிவப்பு வட்டம், அம்புக்குறி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் காட்சியை மட்டும் வெட்டிக் கொடுங்கள். பலருக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்: முழுப் படத்தையும் கொடுத்தால் அதே பொய்த் தலைப்போடு சுற்றும் மற்ற நகல்களையே காட்டும். வந்த முடிவுகளில் மிகப் பழையதைத் தேடுங்கள். டின்ஐ தளத்தில் ‘மிகப் பழையது’ என்று வரிசைப்படுத்தவே வசதி இருக்கிறது. கூகுளில் கிடைக்காத முகமும் கட்டடமும் சில சமயம் யாண்டெக்ஸில் கிடைக்கும்.

படத்துக்குள் மறைந்திருக்கும் தேதி, இடத் தகவலைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்ததில் அதெல்லாம் போய்விட்டிருக்கும். அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கடைப் பெயர்ப் பலகையின் மொழி, வண்டி நம்பர் பிளேட், போலீஸ் சீருடை, பேருந்தின் நிறம் ஆகியவற்றைப் பாருங்கள்.

வீடியோவுக்கு?

ஓட்டி நிறுத்தி, காட்சி மாறும் இடங்களில் நாலைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொன்றையும் மேலே சொன்னபடி தேடுங்கள். கணினி இருந்தால் இன்விட் என்ற பிரவுசர் நீட்சி இந்த வேலையைத் தானே செய்துதரும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வட இந்தியா முழுக்க வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. பேச்சு வெட்டப்பட்டதாகச் சந்தேகம் இருந்தால், பேசியவர் பெயரையும் ஊரையும் போட்டு யூடியூப்பில் முழு நீளப் பேச்சைத் தேடி, அந்த வரிக்கு முன்னால் ஒரு நிமிடம், பின்னால் ஒரு நிமிடம் கேளுங்கள்.

போலி நியூஸ் கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழில் அதிகம் புழங்கும் வடிவம் இதுதான். செய்ய 5 நிமிடம் போதும்: சேனலின் உண்மையான கார்டை எடுத்து, எழுத்தை அழித்து, வேறு வரி போட வேண்டியதுதான். லோகோ அசல், தலைவர் படம் அசல், வார்த்தை மட்டும் போலி. அதனால் லோகோவைப் பார்த்து நம்புவது பிரயோஜனமில்லை.

எழுத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு சேனலும் ஒரே எழுத்துருவைத் தொடர்ந்து பயன்படுத்தும். போலியில் தலைப்பு ஒரு எழுத்துருவிலும் தேதி வேறொன்றிலும் இருக்கும். வரி, பெட்டியின் ஓரத்தை இடிக்கும், அல்லது தேவையில்லாமல் இடம் விட்டு நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி மட்டும் பின்னணி நிறம் லேசாக மங்கியிருக்கும், பழைய வரியை அழித்த தடம் அது. ஒற்றுப் பிழையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அவசரத்தில் அசல் கார்டிலும் பிழை வரும்.

கண்ணால் பார்ப்பது சந்தேகத்துக்குத்தான். தீர்ப்புக்கு, கார்டில் உள்ள தேதியை எடுத்துக்கொண்டு அந்தச் சேனலின் அதிகாரப்பூர்வ ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் பக்கங்களில் அன்றைய பதிவுகளுக்குப் போங்கள். பெரும்பாலும் அதே படம், அதே நேரம், வேறு வரியோடு அசல் கார்டு அங்கே உட்கார்ந்திருக்கும். தேதியே இல்லாத கார்டு என்றால் அந்தக் கூற்றை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஒரு பெரிய தலைவர் அப்படிப் பேசியிருந்தால் போட்டிச் சேனல் ஒன்றாவது போடாமல் விட்டிருக்காது.

ஏஐ குரல், டீப்ஃபேக் வந்தால் என்ன செய்வது?

தமிழ்நாடு இதை முன்னதாகவே பார்த்துவிட்டது. 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் ஏஐ கருணாநிதி வாழ்த்துரை வழங்கினார், பிப்ரவரியில் அ.தி.மு.க. ஜெயலலிதாவின் ஏஐ குரலை வெளியிட்டது. அவை மறைக்காமல் செய்தவை. ஆனால் குரலை உருவாக்குவது எவ்வளவு சுலபம் என்று எல்லோருக்கும் காட்டிவிட்டன.

வீடியோவைவிட ஆடியோதான் கஷ்டம். உதட்டசைவு, கை விரல் என்று பார்க்க எதுவும் இருக்காது. 2023 செப்டம்பர் 30 அன்று ஸ்லோவாக்கியாவில் தேர்தல். இரண்டு நாள் முன்பு, பிரசாரமும் ஊடகப் பேச்சும் கட்டுப்படுத்தப்பட்ட 48 மணி நேரத்தில், ஒரு கட்சித் தலைவரும் ஒரு பத்திரிகையாளரும் தேர்தலைத் திருடுவது பற்றிப் பேசிக்கொள்வதாக ஒரு ஆடியோ வந்தது. மறுக்கவும் நேரமில்லை. நம் ஊரிலும் பிரசாரம் ஓயும் கடைசி 48 மணி நேரம்தான் ஆபத்து. அந்த நேரத்தில் முதல்முறையாக வெளிவரும் ‘ரகசிய ஆடியோ’வுக்கு ஒரே மரியாதை: யாருக்கும் அனுப்பாமல் வைப்பது.

கேட்கும்போது கவனிக்கச் சில விஷயம் உண்டு. மூச்சு விடும் சத்தமே இல்லாமல் நீளமாகப் பேசுவது, பின்னணி இரைச்சல் திடீரென்று அறுந்து தொடங்குவது, ‘ழ’கரத்திலும் ஒற்றிலும் தடுமாறுவது. ஆனால் தலைவர்களிலேயே பலர் ‘ழ’கரத்தில் தடுமாறுகிறவர்கள்தான், ஆகவே இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. யார் பதிவு செய்தது, முதலில் எங்கே வந்தது, முழுப் பதிவு எங்கே என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லையென்றால் அது ஆதாரம் இல்லை. மறுபக்கமும் பாருங்கள்: உண்மையில் மாட்டிக்கொண்டவரும் இப்போது ‘அது ஏஐ’ என்று தப்பிக்கலாம். அவரிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஏஐயைக் கண்டுபிடிக்கும் இணையதளங்களை நம்பலாமா?

தனியாக நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய ஆடியோ சுருங்கிச் சுருங்கி, கருவி தேடும் நுண்ணிய தடங்கள் அழிந்திருக்கும். ஆங்கிலத்தில் பழக்கிய கருவி தமிழில் தடுமாறும். பின்னணி இசை சேர்த்தாலே முடிவு தலைகீழாகலாம். ‘87 சதவீதம் ஏஐ’ என்று ஒரு தளம் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புவது இன்னொரு வதந்திதான். சந்தேகமான ஆடியோ, வீடியோவை நிபுணர்களிடம் கொடுத்துப் பார்க்க, உண்மை சரிபார்ப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு 2024 மார்ச்சில் டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட் என்ற வாட்ஸ்அப் சேவையைத் தொடங்கியது. தமிழிலும் அனுப்பலாம்.

‘பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது’ என்ற இரட்டை அம்புக்குறி என்ன சொல்கிறது?

அந்தச் செய்தி குறைந்தது 5 கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது. பொய் என்று அர்த்தமில்லை, அனுப்பியவருக்கு மூலம் தெரியாது என்று அர்த்தம். 2018இல் குழந்தை கடத்தல் வதந்தியால் கும்பல் கொலைகள் நடந்த பிறகு இந்தியாவில் ஒரு நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்புச் செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஓட்டை எங்கே என்றால், எழுத்தை காப்பி செய்து ஒட்டினாலோ வீடியோவைச் சேமித்து மறுபடி ஏற்றினாலோ அம்பு மறைந்துவிடும். கட்சி ஐ.டி. விங்குகளுக்கு இது தெரியாததல்ல.

குடும்பக் குரூப்பில் பெரியப்பா பொய்ச் செய்தி போட்டால் எப்படிச் சொல்வது?

குரூப்பில் எல்லோர் முன்னாலும் ‘இது ஃபேக்’ என்று போட்டால் பெரியப்பா அந்தச் செய்தியை விட மாட்டார், உங்களைத்தான் விட்டுவிடுவார். தனியாக மெசேஜ் போடுங்கள், அல்லது போன் செய்யுங்கள். ‘பெரியப்பா, அந்த வீடியோ நம்ம ஊர்ல நடந்தது இல்லையாம், பழசு. நீங்களே எடுத்துட்டீங்கன்னா நல்லாயிருக்கும்’ என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார். அவர் எடுக்காவிட்டால், குரூப்பில் அவர் பெயரைச் சொல்லாமல், அந்தச் செய்திக்கே பதிலாகப் போடுங்கள். முதல் வரியில் உண்மை, பொய்யை ஒரே ஒரு முறை, சுருக்கமாக, பிறகு லிங்க். பொய்ப் படத்தைத் திரும்பப் போட வேண்டியிருந்தால் குறுக்கே பெரிய கோடு கிழித்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மறுப்பை விட்டுவிட்டு, படத்தை மட்டும் யாராவது எடுத்து அனுப்புவார்கள்.

நான் குரூப் அட்மின். மற்றவர் போட்டதற்கு என் மேல் வழக்கு வருமா?

அட்மினாக இருப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் சொன்னது. நீங்களே போட்டாலோ கூட்டுச் சேர்ந்தாலோ கதை வேறு. கடைசி இரண்டு நாளுக்கு ‘அட்மின் மட்டும் அனுப்பலாம்’ என்று மாற்றிவைப்பது எல்லோருக்கும் நிம்மதி. மற்றவர் போட்டதை எல்லோருக்கும் அழிக்கும் வசதியும் அட்மினுக்கு உண்டு. ஆனால் புகார் கொடுக்கப் போவதாக இருந்தால் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கே, எப்படிப் புகார் செய்வது?

சி-விஜில் செயலி களத்தில் நடக்கும் விதிமீறலுக்கு: பணம் கொடுப்பது, பரிசுப் பொருள். அதிலேயே நேரடியாகப் படம் அல்லது 2 நிமிடம் வரை வீடியோ எடுக்க வேண்டும், கேலரியில் இருப்பதை ஏற்ற முடியாது. 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது இலக்கு. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை அதில் போட முயன்று பலர் சலித்துப்போகிறார்கள். அதற்கு 1950 அல்லது மாவட்டத் தேர்தல் அலுவலர்; மாவட்டங்களில் ஆட்சியர், சென்னையில் மாநகராட்சி ஆணையர்.

புகாரோடு பதிவின் லிங்க், தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், கணக்கின் முகவரி ஆகியவற்றைக் கொடுங்கள். கணக்கின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அரை மணியில் மாற்றிவிடுவார்கள். அசல் சாட்டை அழிக்காதீர்கள். வழக்கானால் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும், கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) கேட்பார்கள்.

வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா 175ஆம் பிரிவின்படி குற்றம். கட்சிகளுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது: போலி உள்ளடக்கம் தங்கள் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் உத்தரவிட்டது. ஏஐ உள்ளடக்கத்தில் திரையில் குறைந்தது 10 சதவீத அளவுக்கு லேபிள் வேண்டும் என்று 2025 அக்டோபரில் சொன்னது. இவை கட்சிகளையும் வேட்பாளர்களையும்தான் கட்டும். பெயரில்லாத ‘ரசிகர்’ பக்கங்கள் நழுவிவிடுகின்றன.

உண்மை சரிபார்ப்பு தளங்களிலேயே சார்பு இல்லையா?

இருக்கலாம். அதனால் முடிவை மட்டும் படிக்காமல் வழியைப் படியுங்கள்: அசல் லிங்க் கொடுத்திருக்கிறார்களா, நீங்களே அதே வழியில் போய்ப் பார்க்க முடிகிறதா? யூடர்ன், நியூஸ்செக்கர், ஃபேக்ட் கிரெசெண்டோ, நியூஸ்மீட்டர், விஸ்வாஸ் நியூஸ் ஆகியவை தமிழில் எழுதுகின்றன. ஒன்றுக்கு இரண்டைப் பாருங்கள். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் (பி.ஐ.பி.) உண்மை சரிபார்ப்புப் பிரிவும் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும் அரசு அமைப்புகள். அரசாணை போலியா என்று கேட்க அவை சரி. அரசின் மீதான குற்றச்சாட்டில் அவை ஒரு தரப்பு. தேர்தல் ஆணையமும் 2024 ஏப்ரலில் ‘கட்டுக்கதையும் உண்மையும்’ என்ற பொருளில் ஒரு பதிவேட்டை இணையத்தில் திறந்தது. நடைமுறை வதந்திகளுக்கு அது கைகொடுக்கும்.

பள்ளி, கல்லூரியில் ஒரு மணி நேர வகுப்பு எடுத்தால் பலன் உண்டா?

ஒரு மணி நேரம் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2019 தேர்தலின்போது பீகாரின் கயாவில் வீடு வீடாகப் போய், சுமார் ஒரு மணி நேரம் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு சோதித்தார்கள். மொத்தத்தில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. கட்சிப் பற்று உள்ளவர்களிடம் சில இடங்களில் எதிர்ப்பலன்கூட வந்தது. அதே மாநிலத்தில் பின்னர் 583 கிராமங்களில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து வகுப்பு நடத்தியபோது, நல்ல மூலத்தையும் மோசமான மூலத்தையும் பிரிக்கும் திறன் கூடியது. மாதங்கள் கழித்தும் நின்றது. பெற்றோர்களிடமும் அதன் தாக்கம் தெரிந்தது.

ஆகவே ஆசிரியர்களுக்கு எங்கள் யோசனை: தேர்தல் அறிவித்த பிறகு தொடங்காதீர்கள். குறைந்தது நாலு வகுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு திறன். அரசியல் அல்லாத உதாரணத்தில் தொடங்குங்கள் — புயல் படம், மருத்துவக் குறிப்பு. கட்சி உதாரணத்தில் தொடங்கினால் பையன்கள் பாடத்தை விட்டுவிட்டு சாரின் கட்சியைத் தேடுவார்கள். அரசியல் உதாரணம் எடுக்கும்போது எதிரெதிர்த் தரப்பு இரண்டிலிருந்தும் எடுங்கள். வகுப்பில் காட்டும் செய்திகளில் பாதி உண்மையாக இருக்கட்டும். எல்லாமே போலி என்றால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ‘எதையும் நம்பாதே’ என்பதைத்தான், அது வேறொரு நோய்.

வாக்குப்பதிவு அன்று காலை என்ன தயாராக இருக்க வேண்டும்?

பாகம் எண், வரிசை எண், பூத்தின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வெளியே கொடுத்துவைக்கும் ஏற்பாடு 2025இல் அறிவிக்கப்பட்டது. பூத் ஸ்லிப் மட்டும் அடையாள ஆவணம் ஆகாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்று ஆணையம் ஏற்றுக்கொண்ட ஏதாவது ஒன்றின் அசல் வேண்டும். ‘உங்கள் பூத் மாறிவிட்டது’, ‘உங்கள் பகுதிக்கு நாளைதான் வாக்குப்பதிவு’ என்று காலையில் மெசேஜ் வந்தால் 1950ஐக் கூப்பிடுங்கள். லைன் கிடைக்காவிட்டால் உங்கள் பி.எல்.ஓ.வின் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) எண்ணை முந்தின நாளே வாங்கிவைத்திருப்பது உதவும்.